என்னமோ தங்கியிருக்குங்க

கிளினிக் வரிசையில் என் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை. குழந்தைகள் கிளினிக் நாளில் உட்காரும் வாங்குகள் நிறைந்து, சுவரோரம் நிறைந்து, படிக்கட்டிலும் ஆள் உட்கார்ந்திருக்கும். ஈரக் குடைகளின் வாடை, யாரோ ஒரு குழந்தை கக்கிய பாலின் வாடை. அடுத்த கார்டைக் கூப்பிட நிமிர்ந்தேன். பத்துப் பேருக்குப் பின்னால், ஊதா நிறக் கம்பளிச் சட்டை, கையில் மடக்கிய குடை. அம்மாவேதான்.

அவள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவள் இல்லை. தலைவலி வந்தால் சுக்கை உரசி நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். நான் டொக்டராகி இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட நான் வேலை செய்யும் இடத்துப் படியை மிதித்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை. ஏன் கூப்பிடவில்லை என்பதை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை மூன்று தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாயிற்று.

அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள். அவர் தோளில் துவண்டு கிடந்தது ஒரு பெண்பிள்ளை. அந்த ஆளின் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டேன்.

செல்வகுமார். மூன்று வாரத்துக்கு முன்னால், இதே அறையில், இதே கூட்டத்துக்கு முன்னால், நான் வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பிய மனிதர்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். அந்தக் குடும்பத்திடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவர்கள் எல்லோருக்கும் இப்போது எல்லாம் தெரியும்.)

ரெண்டு வாய்ச் சோறு

செல்வகுமார் ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியைக் கத்தியால் கழித்து விடுகிற வேலை. மனைவி ரேவதி குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். மகள் தர்ஷினிக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் எடை பார்த்தவர்கள், 'போதாது' என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

முதல் தடவை வந்தபோது கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை. நகங்கள் தட்டையாகி, நடுவில் குழிந்திருந்தன. ரத்தத்தில் இரும்புச் சத்து இல்லாத பிள்ளை. எங்கள் மலையில் இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும்.

"என்ன சாப்பிடுது?"

"காலையில பிஸ்கட்ட தேத்தண்ணியில நனைச்சு திங்குங்க. பகலைக்குச் சோறு. ஆனா ரெண்டு வாய் வச்சதும் வயிறு நெறஞ்சிருச்சுன்னு எந்திரிச்சுப் போயிரும்."

"மண்ணு திங்குதா? சாம்பல், பச்சை அரிசி, சுண்ணாம்பு?"

"இல்லைங்க டொக்டரம்மா. மண்ணத் தொடவே தொடாது."

இந்தக் கேள்வியை நாங்கள் எல்லோரிடமும் கேட்போம். இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளைகளுக்குத் தின்னக் கூடாததன் மேல் ஆசை வரும். லயத்து வீட்டுச் சுவரின் சுண்ணாம்பை நக்கியே ஒரு முழம் அகலத்துக்குக் கல் தெரிய வைத்த பையனைப் பார்த்திருக்கிறேன். சோக்கட்டி தின்ற பிள்ளை உண்டு. அடுப்புக்கரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மிட்டாய் மாதிரி சப்பிய பிள்ளை உண்டு. என் பட்டியலில் இருந்ததை எல்லாம் கேட்டேன். பட்டியலில் இல்லாததைக் கேட்கவில்லை.

இரும்புச் சத்து மருந்து எழுதினேன், பூச்சி மருந்து எழுதினேன். பிறகு என் பிரசங்கம். முட்டை கொடுங்கள், நெத்தலி கொடுங்கள், கீரை கொடுங்கள், சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுக்காதீர்கள், அது இரும்பை உடம்பில் சேரவிடாது. தேயிலைத் தோட்டத்து ஆளிடம் தேத்தண்ணியை நிறுத்தச் சொல்கிறபோது எனக்கே சிரிப்பு வரும். முட்டை விலையும் பால்மா விலையும் தெரிந்தும் அந்தப் பிரசங்கத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். வரிசை நீளம், வாய் வேகம்.

செல்வகுமார் எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றார். பிள்ளைக்குத் தலைமுடியைக் காதுக்கு மேலே ஒட்ட வெட்டியிருந்தது. "எனக்குச் சடை பின்ன வராதுங்க" என்று தானாகவே சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தத் தலையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

இரண்டாம் தடவை எடை இன்னும் இறங்கியிருந்தது. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை வாந்தி. "வாய் ஒரு மாதிரி நாறுதுங்க, பல்லு வெளக்கினாலும் போக மாட்டேங்குது" என்றார். வயிற்றை அழுத்தினேன். பிள்ளை கூச்சத்தில் நெளிந்து, வயிற்றை இறுக்கிக்கொண்டு அழுதது. மேல் வயிற்றில் இடது பக்கம் ஏதோ கெட்டியாகப் பட்டது போலிருந்தது.

"வயித்துல என்னமோ தங்கியிருக்குங்க டொக்டரம்மா," என்றார் செல்வகுமார்.

"தங்கித்தான் இருக்கு. மலம் இறுகிப் போயிருக்கு," என்றேன்.

அது என் செல்ல நோய். வயிற்றுவலி என்று வருகிற பிள்ளைகளில் பலருக்கு அதுதான் காரணம். பள்ளிக்கூடக் கக்கூசில் தண்ணீர் இருக்காது, பூட்டு இருக்காது, பிள்ளைகள் அடக்கி அடக்கி வைத்துக்கொள்ளும். பேதி மருந்து எழுதிக் கொடுத்தேன். கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை வேறு.

மூன்றாம் தடவைதான் அந்தச் சொல்லைச் சொன்னார்.

"ஒரு அம்மாகிட்டக் கொண்டுபோய்த் தொக்கம் எடுத்தேங்க. ஒரு துண்டு வந்துச்சு. ஆனா இன்னும் உள்ளுக்கு இருக்குன்னு சொல்றாங்க."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

தேங்காய்ச் சில்லு

தொக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறது, வாந்தி எடுக்கிறது, இளைத்துக்கொண்டே போகிறது. எப்போதோ தின்ற பண்டம் ஒன்று செரிக்காமல் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பார்கள். அதுதான் தொக்கம். அதை எடுக்கக் கைராசிக்காரர்கள் இருக்கிறார்கள். பிள்ளையைப் படுக்கவைத்து, தொப்புளுக்கு மேலே ஒரு சின்னப் பித்தளைக் குழாயை வைத்து, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சுவார்கள். பிறகு தட்டில் துப்புவார்கள். தட்டில் பழுப்பாக, நாற்றமாக ஒரு துண்டு கிடக்கும். பெற்றவள் அதைப் பார்த்துக் கும்பிடுவாள். திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து எங்கள் முன்னோர் கப்பலேறியபோது கூடவே வந்த வழக்கம்.

என் அம்மா பாக்கியம் கொஸ்லந்தைப் பக்கத்தில் தொக்கம் எடுத்துவந்தவள். பகலில் கொழுந்து பறிப்பாள். ஞாயிற்றுக்கிழமை, லயத்தின் கடைசி வீடான எங்கள் தொங்கல் காம்பராவுக்கு முன்னால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். காசு வாங்க மாட்டாள். வெற்றிலை மட்டும்.

குழாய் வழியாக வயிற்றிலிருந்து எதுவும் வராது. துண்டு அவள் கன்னத்துக்குள் முன்னமே ஒதுங்கியிருக்கும்.

எனக்கு எப்படித் தெரியும்? அந்தத் துண்டுகளை நறுக்கிக் கொடுத்ததே நான்தான். தேங்காய்ச் சில்லைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, கொதிக்கவைத்த தேயிலைச் சக்கைத் தண்ணீரில் போட்டு மூடி வைக்க வேண்டும். ஒரு நாள் ஊறினால் போதாது, வெள்ளை தெரியும். மூன்று நாள் என்றால் குழைந்துவிடும். இரண்டு நாள்தான் கணக்கு. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்த முதல் மருந்து தயாரிப்பு இதுதான்.

பத்து வயதில் கேட்டேன். "ஏம்மா பொய் சொல்றே?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "அந்தத் துண்டக் கண்ணால பாத்தாத்தான் தாய்க்காரி தைரியமா ஊட்டுவா. தாய்க்காரி தைரியமா ஊட்டினாத்தான் புள்ள திங்கும். போ, போய்ப் படி."

போய்ப் படித்தேன். நன்றாகவே படித்தேன். பத்து வயதிலேயே நான் அம்மாவுக்குத் தீர்ப்பு எழுதிவிட்ட ஆள். பல்கலைக்கழகத்தில் யாராவது "அம்மா என்ன செய்றாங்க?" என்று கேட்டால் "தோட்டத்தில் வேலை" என்பேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மற்றதைத்தான் சொல்ல மாட்டேன். வேலை கிடைத்து அவளைப் பண்டாரவளைக்குக் கூட்டிவந்தபோது நான் போட்ட ஒரே நிபந்தனை, இனிமேல் யாருக்கும் தொக்கம் எடுக்கக் கூடாது. அவளும் எடுக்கவில்லை. குழாயை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டாள்.

இப்போது அந்த மூன்றாம் கிளினிக்குக்கு வருகிறேன்.

"உங்களுக்கு அறிவிருக்கா செல்வகுமார்? இந்தக் காலத்துலயும் தொக்கமா? அது வாயில ஒளிச்சு வச்சிருக்கிற துண்டு! தேங்காய்! உங்களை ஏமாத்துறாங்க, நீங்க பிள்ளைய வச்சு வெளையாடுறீங்க!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. செல்வகுமார் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். "இல்லைங்க, உள்ளுக்கு என்னமோ..." என்று ஆரம்பித்தார். "பேசாதீங்க" என்றேன். அதே மருந்துகளைத் திரும்ப எழுதினேன். இரண்டு வாரத்தில் வரச் சொன்னேன்.

அன்று நான் பிள்ளையைப் படுக்கவைக்கவே இல்லை. வயிற்றைத் தொடவே இல்லை. இருந்த ஐந்து நிமிடமும் கோபப்படுவதற்கே சரியாகிவிட்டது.

வராத செவ்வாய்

சொன்ன நாளில் அவர்கள் வரவில்லை.

அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கார்டுக் கட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். நேர்ஸ், "யாரைத் தேடுறீங்க டொக்டர்?" என்று சிங்களத்தில் கேட்டாள். "யாருமில்லை" என்றேன். வீட்டுக்கு வந்து சமைத்ததைத் தின்னாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். அம்மா, "என்னா, அறுந்த பல்லிவாலு மாதிரி துடிக்கிறே?" என்று கேட்டாள். சொல்லவில்லை. தொக்கம் என்ற சொல்லை அந்த வீட்டுக்குள் நானே எப்படிச் சொல்வது?

தோட்டத்து மிட்வைப் மிஸ்ஸின் நம்பர் என் போனில் இருந்தது. ஒரு அழைப்பு போதும். 'நான் திட்டினதால வரல, தானா வருவார்' என்று ஒரு மனம். 'திட்டினவளே கூப்பிடுறதா' என்று இன்னொரு மனம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரம் போனது. ஆறு வயதுப் பிள்ளையின் உடம்பில் ஒரு வாரம் என்றால் என்ன என்று மற்றவர்களுக்கு வகுப்பு எடுக்கிறவள் நான்.

அந்த வாரத்தில் என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. செல்வகுமார் அந்தத் தொக்கக்காரம்மாவிடமே திரும்பப் போயிருக்கிறார். அந்தம்மா கையை விரித்துவிட்டு, "எனக்குப் பழக்கிவிட்டது பாக்கியத்தக்கா. இப்ப பண்டாரவளையில மகளோட இருக்கு. அங்க போய்ப் பாரு" என்று வழி சொல்லி அனுப்பியிருக்கிறாள். மகள் யார் என்று அந்தம்மாவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் செல்வகுமார் என் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே நுழைந்தவர் சுவரில் தொங்கிய என் பட்டமளிப்புப் படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போகப் பார்த்தாராம். அம்மாதான் கையைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறாள்.

"நீ படுக்கவச்சுப் பாரு"

வரிசையை விட்டு அவர்களை முதலில் கூப்பிட்டேன். முணுமுணுப்பு எழுந்தது. நேர்ஸ் என் காதருகே, "யார் டொக்டர் அந்த அம்மா?" என்றாள்.

"என் அம்மா," என்றேன்.

அம்மா உட்காரவில்லை. மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தாமல் பேசினாள். அவளுக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது, மலையில் சரிவுக்குச் சரிவு கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

"இந்தத் தம்பி புள்ளையத் தொக்கம் எடுக்கத் தூக்கிட்டு வந்துச்சு. நான் எடுக்க மாட்டேன்னுட்டேன்."

"போன் பண்ணியிருக்கலாமே அம்மா."

"போன்ல சொன்னா நீ கத்துவே. கத்தி முடிச்சு வச்சிருவே. நான் வயித்தத் தொட்டுப் பாத்தேன். இது என் கைக்கு வர்றது இல்ல. உள்ள கல்லு மாதிரி ஒண்ணு கெடக்கு. நீ படுக்கவச்சுப் பாரு."

அந்த நிமிடத்தில் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. இத்தனை வருடமாக அம்மாவின் கன்னத்தை மட்டுமே நான் ஞாபகத்தில் வைத்திருந்தேன். குழாயை எடுப்பதற்கு முன்னால் அவள் செய்வதை மறந்தே போயிருந்தேன். பிள்ளையோடு ஏதாவது கதை பேசுவாள். பிள்ளை கதை கேட்கும்போது இரண்டு கையாலும் வயிறு முழுக்க மெதுவாகத் தடவிப் பார்ப்பாள். சில நாள் குழாயைத் தொடாமலே எழுந்து, "இது நம்ம கைக்கு வராது, டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டு ஓடு" என்று விரட்டுவாள். அப்படி விரட்டப்பட்ட நாட்களில் என் தேங்காய்ச் சில்லு வீணாகப் போகும். எனக்கு அந்த எரிச்சல் மட்டும்தான் இருந்தது.

தர்ஷினியைப் படுக்கவைத்தேன். வயிற்றை இறுக்கிக்கொண்டாள். என் கை அவளுக்குப் பயம்.

அம்மா கட்டிலின் தலைமாட்டுக்கு வந்தாள். "ஏ தர்ஷினிப் புள்ள, ஒங்க லயத்துல நாய் இருக்கா?"

"இருக்கு."

"எத்தன?"

"ஒண்ணு. குட்டி போட்டிருக்கு."

"குட்டிக்குப் பேரு வச்சியா?"

பேர்கள் வரத் தொடங்கின. வயிறு இளகியது. என் விரல்கள் உள்ளே போயின. இடது விலா எலும்புக்குக் கீழிருந்து நடு வயிறு வரைக்கும், ஒரு சின்னப் பப்பாசிக்காய் அளவுக்கு, வழவழப்பாக, கெட்டியாக, பக்கவாட்டில் நகர்கிற ஒரு கட்டி. மலம் அல்ல. மலம் அப்படி இருக்காது. இரைப்பையின் வடிவத்திலேயே இரைப்பைக்குள் ஏதோ இருந்தது.

போன தடவை நான் தொட்டிருந்தால் இது அன்றே தெரிந்திருக்கும். இதை நான் யாரிடமும் சாக்குச் சொல்லி மறைக்கவில்லை, இங்கேயும் மறைக்கவில்லை.

"செல்வகுமார், பதுளைக்குப் போகணும். இப்பவே. நானும் வர்றேன்."

அவர் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு நடந்தார்.

தட்டில் வந்தது

பதுளையில் ஸ்கேன் செய்தார்கள். ரத்தம் மிகக் குறைவாக இருந்ததால் முதலில் ரத்தம் ஏற்றினார்கள். அந்த இரண்டு நாளும் நான் செல்வகுமாரோடு வாட்டுக்கு வெளியே இருந்த வாங்கில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். டொக்டராக உள்ளே போய் நிற்கலாம். கால் போகவில்லை. பிள்ளை பிழைக்குமா என்று ஒரு டொக்டர் கேட்கக் கூடாத கேள்வியை மற்ற டொக்டர்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் அறுவைச் சிகிச்சை. முடிந்ததும் சத்திரசிகிச்சை நிபுணர் என்னை உள்ளே கூப்பிட்டார். பொறுமையான மனிதர். ஒரு எவர்சில்வர் தட்டைக் காட்டினார்.

தட்டில் கிடந்தது பிள்ளையின் இரைப்பையின் அச்சு. முடி. சின்ன வயதில் தன் முடியைப் பிடுங்கித் தின்னுகிற பிள்ளைகள் உண்டு, முடி செரிக்காது, இரைப்பையில் பந்தாகச் சேரும். பாடத்தில் படித்தது, பரீட்சையில் எழுதியது. ஆனால் அந்தப் பந்தின் உள்பக்கம்தான் கறுப்பு. மேலே இரண்டு விரல் தடிப்புக்கு ரோஸ் நிறம். சளியில் ஊறிப் பழுப்பேறிய பிறகும் ரோஸ் என்று தெரிகிற ரோஸ்.

"இது என்ன என்று தெரிகிறதா?" என்றார். "இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் இரைப்பைச் சுவரே ஓட்டையாகியிருக்கும்."

எனக்குத் தெரியவில்லை. என் போனில் எடுத்த படத்தைச் செல்வகுமாரிடம் காட்டினேன். அவர் போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"போர்வைங்க," என்றார்.

ரேவதி போன தீபாவளிக்குக் குவைத்திலிருந்து அனுப்பிய போர்வை. மொசுமொசுவென்று, ரோஸ் நிறத்தில், ஒரு பக்கம் பெரிய பூப் போட்டது. அது வந்ததிலிருந்து தர்ஷினி அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குவாள். ஓரம் தேய்ந்துகொண்டே வந்தது. பஞ்சு போய், கீழே துணி தெரிந்தது.

"எலி கடிக்குதுன்னு நெனச்சேங்க. எலிப்பொறி வாங்கி வச்சேன்."

அதற்கு முன்னால், ரேவதி புறப்பட்டுப் போன புதிதில், பிள்ளை தன் முடியைத் தின்றிருக்கிறாள். சடை பின்னத் தெரியாத அப்பா முடியை ஒட்ட வெட்டியதும் தின்ன முடியில்லை. பிறகு போர்வை வந்தது. தட்டில் கிடந்த கறுப்பும் ரோஸும் அந்த வரிசையில்தான் இருந்தன. ரத்தத்தில் இரும்பு இல்லாததால் தின்றாளா, வீட்டில் அம்மா இல்லாததால் தின்றாளா? நான் படித்த படிப்பு இரும்பு என்கிறது. அது பொய்யில்லை. ஆனால் எந்த ரத்தப் பரிசோதனையும் மற்றதை அளக்காது.

செல்வகுமார் போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கேட்டார்.

"அப்ப என்னமோ தங்கித்தான் இருந்திருக்கு, இல்லைங்களா டொக்டரம்மா?"

குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஆமா," என்றேன். "மொத நாளே நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் கேக்கல. மன்னிச்சிருங்க."

"பரவால்லைங்க," என்றார் உடனே. எங்கள் ஆட்கள் இந்தச் சொல்லை எவ்வளவு சீக்கிரம் சொல்லிவிடுகிறார்கள் என்று எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது.

குவைத்திலிருந்து

அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறாம் நாள். குழாயெல்லாம் எடுத்துவிட்டு, கஞ்சி கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவும் பண்டாரவளையிலிருந்து என்னோடு வந்திருந்தாள். தட்டில் கிடந்தது என்ன என்று வழியிலேயே அவளிடம் சொல்லியிருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, தர்ஷினிக்கு நாய்க்குட்டி விவகாரம் விசாரித்துக்கொண்டிருந்தாள். கஞ்சிக் கிண்ணம் அப்படியே இருந்தது. பிள்ளை வாயைத் திறக்கவில்லை. நேற்றும் இப்படித்தான், ஒரு கரண்டியோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். செல்வகுமார் கரண்டியை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தார். உள்ளே போவது எல்லாம் இனி எங்கே தங்குமோ என்று அவருக்குப் பயம்.

ரேவதி வீடியோ கோல் எடுக்கிற நேரம் நெருங்கியது. செல்வகுமார் என்னை நடைவழிக்குக் கூப்பிட்டார்.

"டொக்டரம்மா, ஒரு ஒதவி. அவகிட்டப் போர்வைன்னு சொல்லிறாதீங்க. அங்க தனியாக் கெடக்குறா. தான் அனுப்புனதுதான்னு தெரிஞ்சா செத்துருவா. அவ ஊருக்கு வந்தோடன நானே சொல்றேன். இப்ப முடின்னு மட்டும் சொல்லுங்க."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"முடியும் இருந்துச்சுதானேங்க."

போன் அடித்தது. திரையில் ரேவதி. ஏதோ ஒரு சமையலறையின் மூலை, பின்னால் வெள்ளை ஓடு, தலையைச் சுற்றிக் கட்டிய துணி. அந்த வீட்டுக்காரர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகப் பேசினாள். மகளைப் பார்த்து அழுதாள், பிறகு என்னைக் கேட்டாள்.

"டொக்டர், வயித்துல என்னதான் இருந்துச்சு? இவரு ஒழுங்காச் சொல்ல மாட்டேங்கிறாரு."

தர்ஷினி என்னைப் பார்த்தாள். என்ன தின்றோம் என்று அவளுக்குத் தெரியும். செல்வகுமார் கஞ்சிக் கிண்ணத்தையே பார்த்தார். அம்மா என் வாயைப் பார்த்தாள்.

"முடிம்மா," என்றேன். "அவ தலைமுடிதான். சின்னப் பிள்ளைகள் சில பேர் திங்கும். அவ்வளவும் எடுத்தாச்சு. ஒண்ணும் மிச்சமில்ல."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற ஒண்ணும் இல்ல."

"இன்னொரு போர்வை வாங்கி வச்சிருக்கேன் டொக்டர். ஆஸ்பத்திரியில குளிரும்னு. அனுப்பட்டுமா?"

"வேணாம்மா. வயித்துல தையல் இருக்கு. பஞ்சு ஒட்டாத பருத்தித் துணிதான் ஆகும். உங்க பழைய சீலை ஒண்ணு வீட்டில இருந்தா அதுவே போதும், அதைப் போர்த்தச் சொல்றேன்."

ரேவதி கண்ணைத் துடைத்தாள். "இப்பத்தான் மனசு ஆறுச்சு," என்றாள். "ஏங்க, பாத்துக்கிட்டே நிக்காதீங்க, ஊட்டுங்க. எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னு டொக்டரே சொல்லிட்டாங்கல்ல? தர்ஷூ, அம்மா பாக்குறேன்ல, ஆ காட்டு."

செல்வகுமார் கரண்டியை எடுத்தார். இந்தத் தடவை திரும்ப வைக்கவில்லை. தர்ஷினி வாயைத் திறந்தாள். ஒரு கரண்டி. இரண்டு. ரேவதி அங்கிருந்து எண்ணினாள். ஐந்தாவது கரண்டியில், "போதும்ப்பா, அவசரப்படாதீங்க" என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

நான் ஸ்டூலுக்குப் பின்னால் போய் நின்றேன். வாய்க்குள் எதையோ ஒதுக்கி வைத்திருப்பது போல இருந்தது. அம்மா திரும்பாமலே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள். அவளுக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"துண்டு நல்லாத்தான் வந்திருக்கு புள்ள," என்றாள். "எத்தன நாளு ஊறவச்சே?"